பேட்மேனா, ஹல்க்கா?

1966-இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் வந்த ‘பேட்மேன்’ தொடர், காமிக்ஸ் பக்கத்தை அப்படியே திரைக்குக் கொண்டுவந்தது. அடி விழுந்தால் எழுத்துகள் திரை நிறைய வெடிக்கும். வில்லன்களின் இடத்தில் கேமராவே சாய்ந்து நிற்கும். எவ்வளவு அபத்தமான வசனத்தையும் பேட்மேனாக நடித்த ஆடம் வெஸ்ட் முகம் மாறாமல் பேசுவார். அதற்கே தனித் திறமை வேண்டும்.

1978 முதல் அங்கேயே சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடராக ஓடிய ‘தி இன்கிரெடிபிள் ஹல்க்’ நேர் எதிர். பச்சைச் சாயம் பூசி ஹல்க்காக நடித்த லூ ஃபெரிக்னோ கொஞ்ச நேரம்தான் வருவார். மற்றபடி பில் பிக்ஸ்பியின் களைத்த முகம்தான் கதை. கோபம் வந்தால் ஹல்க்காக மாறிவிடுவதால், தன் கோபத்தைக் கண்டு தானே பயப்படும் மனிதராக அவர் வருவார். ஊர் ஊராக ஓடுவார், கிடைத்த வேலையைச் செய்வார். கடைசியில் சோகமான பியானோ இசையில் சாலையோரம் லிஃப்ட் கேட்டு நிற்பார்.

குழந்தைகளோடு பார்க்க பேட்மேன் சரி. நடிப்புக்காக என்றால் யோசிக்காமல் ஹல்க்கைத்தான் சொல்வேன்.