சிசிலியா, கிரீட்டா?

மத்தியதரைக் கடலில் ஒரு தீவுக்குப் போக வேண்டும், கையில் ஒரு வாரம் லீவு இருக்கிறது, போட்டோவுக்கு மட்டும் அழகான இடம் வேண்டாம் என்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் வந்து முட்டி நிற்பார்கள்: இத்தாலியின் சிசிலி, கிரேக்கத்தின் கிரீட். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இரண்டுக்குமே அதே ஷெங்கன் விசாதான். ஆக, விசாவைச் சாக்காக வைத்து முடிவெடுக்க வழியில்லை.

முதலில் அளவு. சிசிலி சுமார் 25,700 சதுர கிலோமீட்டர். கிரீட் அதில் மூன்றில் ஒரு பங்குதான். அதற்காகக் கிரீட்டைச் சின்னது என்று நினைத்துவிட வேண்டாம். கிழக்கு மேற்காக 260 கி.மீ. நீளம், நடுவெல்லாம் மலை. சிசிலிக்குப் போவதென்றால் பலெர்மோ இருக்கும் மேற்கா, கத்தானியாவும் சிராகூசாவும் இருக்கும் கிழக்கா என்று கிளம்பும் முன்பே பிரித்துக்கொள்வது நல்லது. இரண்டையும் ஒரே வாரத்தில் பார்க்க ஆசைப்பட்டால் பாதி லீவு சாலையிலேயே போய்விடும்.

இயற்கை என்று வந்தால் யோசிக்கவே வேண்டாம், கிரீட்தான். சமாரியா பள்ளத்தாக்கு ஒன்று போதும். ஓமலோஸில் 1,200 மீட்டருக்கு மேல் காலைக் குளிரில் இறங்க ஆரம்பித்தால், 16 கி.மீ. நடந்து கடலில் போய் முடியும். 1962இல் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது வெளியேற்றப்பட்ட ஊர் ஒன்று பாதி வழியில் இன்னும் ஆளில்லாமல் கிடக்கிறது. கடைசிக் கட்டத்தில் இரண்டு பக்கமும் பாறைச் சுவர் நெருங்கி வந்து, நடுவே மூன்று நான்கு மீட்டர் இடைவெளிதான் மிஞ்சும். நடை முடியும் அயியா ரூமெலிக்குச் சாலை கிடையாது. படகில்தான் திரும்ப வேண்டும், கடைசிப் படகை விட்டால் ராத்தங்கல்தான். இன்னொன்று, இது முழுக்க இறக்கம். மூச்சு வாங்காது, மறுநாள் முட்டிதான் பேசும்.

சிசிலிக்கு எட்னா இருக்கிறதே என்பீர்கள். 3,300 மீட்டருக்கு மேல் உயரம், ஐரோப்பாவிலேயே மிகத் துடிப்பான எரிமலை, கேபிள் காரில் பாதி உயரம் தாண்டிவிடலாம். பிரமாதம்தான். ஆனால் அது ஒரு நாள் சமாச்சாரம். அதுவும் மலை குமுற ஆரம்பித்தால் மேலே விடமாட்டார்கள்.

வரலாற்றில் தராசு அப்படியே சிசிலி பக்கம் சாய்ந்துவிடுகிறது. கிரீட்டின் க்னோசோஸ் ஐரோப்பாவின் மிகப் பழைய நாகரிகங்களில் ஒன்றான மினோவன்களின் அரண்மனை, பெயர் பெரிது. ஆனால் அங்கே நிற்கும் சிவப்புத் தூண்களில் பல, 1900இல் தோண்ட ஆரம்பித்த ஆர்தர் எவன்ஸ் கான்கிரீட்டில் கட்டியவை. அதனால் கிரீட்டின் தலைநகரான ஹெராக்லியானில் இருக்கும் அருங்காட்சியகத்தை முதலில் பாருங்கள். ஃபைஸ்டோஸ் வட்டு அங்கேதான் இருக்கிறது. சுருள் சுருளாக முத்திரை குத்திய சுட்ட களிமண், யாராலும் இதுவரை படிக்க முடியவில்லை. சிந்துவெளி எழுத்துக்காக மல்லுக்கட்டும் நமக்கு அதன் முன்னால் கொஞ்சம் நேரம் போகும்.

சிசிலியில் வரலாற்றைக் கையால் தொட்டே பார்க்கலாம். சிராகூசாவின் பேராலயத்துக்குப் பக்கத்துச் சந்தில் நடந்தால், கி.மு. 5ஆம் நூற்றாண்டு அதீனா கோயிலின் தூண்கள் தேவாலயச் சுவருக்குள்ளிருந்து பாதி புடைத்துக்கொண்டு நிற்கும். கோயிலை இடிக்கவில்லை, தூண்களுக்கு நடுவே சுவரை அடைத்துத் தேவாலயமாக்கிவிட்டார்கள். பலெர்மோவின் அரண்மனைச் சிற்றாலயத்தைக் கட்டியது நார்மன் அரசன் இரண்டாம் ரோஜர். சுவரில் பைசாந்திய மொசைக், மரக்கூரையில் அரபு எழுத்து. மூன்று உலகம் ஒரே அறையில்.

1669 இரண்டு தீவுக்கும் கெட்ட வருடம். எட்னாவின் எரிகுழம்பு கத்தானியா வரை வந்தது அப்போதுதான். 21 வருட முற்றுகைக்குப் பிறகு, கிரீட்டை ஆண்டுவந்த வெனிஸ் ஹெராக்லியானை ஒட்டோமான் துருக்கியரிடம் விட்டதும் அப்போதுதான்.

சரி, சாப்பாடு. பலெர்மோவின் பல்லரோ சந்தையில் பனெல்லே கேளுங்கள். கடலை மாவைக் கரைத்து, களி மாதிரி கிண்டி, ஆறவிட்டு, துண்டு போட்டுப் பொரித்து, ரொட்டிக்குள் வைத்து எலுமிச்சை பிழிந்து தருவார்கள். காய் வைக்காத பஜ்ஜி என்று வைத்துக்கொள்ளுங்களேன். கத்தானியா பக்கம் காலை உணவே பாதாம் கிரானிதாவும் பிரியோஷ் பன்னும். ஐஸைக் காலையில் சாப்பிடலாம் என்று ஒரு ஊரே ஒத்துக்கொண்டிருக்கிறது! கிரீட் சாப்பாடு எளிமை: பார்லி ரஸ்க் மேல் தக்காளி, மிசித்ரா பாலாடைக்கட்டி, தாராளமாக ஆலிவ் எண்ணெய் போட்ட டாகோஸ், மலையில் பறித்த கீரை, சாப்பிட்டு முடித்ததும் கேட்காமலே வரும் ராக்கி என்ற திராட்சைச் சாராயம். உடம்புக்கு நல்லது கிரீட், நாக்குக்குச் சிசிலி.

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கிரீட்டில் 'நிஸ்டீசிமோ' என்றால் விரத உணவு: இறைச்சி, முட்டை, பால் இல்லை. ஆனால் இறாலும் கணவாயும் அந்த விரதத்தில் சேர்த்தி, உஷார். சிசிலியில் அரஞ்சினி உருண்டையைக் கேட்காமல் வாங்காதீர்கள். உள்ளே பெரும்பாலும் இறைச்சி இருக்கும்.

போக்குவரத்தில் சிசிலிக்கு ரயில் உண்டு. நேப்பிள்ஸிலிருந்து வரும் ரயிலைப் பெட்டி பெட்டியாகக் கப்பலில் ஏற்றி மெசினா ஜலசந்தியைக் கடத்துவதைப் பார்க்கவே ஒருமுறை போகலாம். கிரீட்டில் ரயிலே இல்லை. வடகரை ஊர்களுக்குப் பஸ் நன்றாகவே ஓடுகிறது, தெற்குக்குக் கார் எடுப்பது உத்தமம்.

என் ஓட்டு சிசிலிக்கு, அதுவும் கிழக்குப் பாதிக்கு. நடப்பதற்காகவே போகிறவர் என் பேச்சைக் கேட்க வேண்டாம். லீவு ஏப்ரலில் என்றால் நடப்பவருக்கும் சிசிலிதான்; சமாரியா மே மாதம்தான் திறக்கும். செப்டம்பர் கடைசி என்றால் கிரீட்டுக்கே போகட்டும். நடந்து முடித்து இறங்கும் கடல் அப்போதும் சூடு ஆறாமல் இருக்கும்.