அப்பரின் மன்றாட்டும் சுந்தரரின் உரிமைப் பூசலும்

துன்பத்தில் இறைவனை அணுகப் பெரியபுராணம் காட்டும் வழிகளுள், சூலை எனும் கடும் வயிற்றுநோயால் துடித்த அப்பர், தமக்கையார் திலகவதியார் அளித்த திருநீற்றை அணிந்து, திருவதிகை வீரட்டானத்து இறைவன்முன் தம் பிழையை ஒப்புக்கொண்டு மன்றாடியது ஒன்று. ‘பிரியேன்’ என்று மனைவி சங்கிலியாருக்குத் தந்த சபதத்தை மீறித் திருவொற்றியூரைக் கடந்ததால் பார்வையிழந்த சுந்தரரோ வேறு வகை. வெண்பாக்கத்தில் ஊன்றுகோலும் காஞ்சியில் இடக்கண்ணும் பெற்ற பின்னரும், திருவாரூரில் தம்மை மீளா அடிமை என்று சொல்லிக்கொண்டே, ‘வாழ்ந்து போதீரே’ (நீரே நன்றாக வாழ்ந்து போம்) என்று இறைவனையே ஏசி, வலக்கண்ணையும் பெற்றார். அது இறைவன் அவரைத் தோழராகக் கொண்ட தோழமை தந்த உரிமை; எல்லோருக்கும் வாய்ப்பதன்று. அந்த ஏச்சிலும் அடிமைப் பணிவு குறையவில்லை என்றாலும், நம் போன்றோருக்கு அப்பரின் வழியே எளிது. முன்பழக்கம் ஏதும் வேண்டாமல், சமணத்தில் தலைமைப் பொறுப்பு வகித்துவிட்டுத் திரும்பி வந்து நின்ற அப்பருக்கே திருவதிகையில் நோய் தீர்ந்தது.