பசி ஒன்றைத் தவிர: ஷாட்டர்டு பிக்சல் டஞ்சன் ஆடிய அனுபவம்

கூடலூர் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் என் சித்தி மகன் போன வாரம் போனில் கேட்டான். "அண்ணா, இங்க டவரே எடுக்கல. நைட் ஷிஃப்ட்ல உக்காந்திருக்கேன். நெட் இல்லாம ஆடுற மாதிரி ஒரு கேம் சொல்லுங்க. நீங்க வருஷக்கணக்கா ஒண்ணு ஆடுறீங்களே, அதப் போடட்டுமா?" அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

நான் ஆடுவது ஷாட்டர்டு பிக்சல் டஞ்சன். 2012-ல் ஒலெக் டோல்யா வெளியிட்ட பிக்சல் டஞ்சன்தான் இதன் வேர். அவர் அதன் நிரலை எல்லோருக்கும் திறந்துவிட, 2014-ல் எவன் டெபென்ஹாம் அதை எடுத்துத் தன் போக்கில் வளர்க்கத் தொடங்கினார். இன்னும் விடவில்லை, 2025-ல்கூடப் புதிதாக ஒரு வீரர் வகை வந்தது. ஆண்ட்ராய்டில் இலவசம், விளம்பரம் கிடையாது, நெட் வேண்டாம். ஐப்பசி மழையில் கோத்தகிரி ரோட்டில் மரம் சாய்ந்து, கரண்டு போய், பின்னாலேயே டவரும் போகிற இரவுகளில் இந்த மூன்றும் எவ்வளவு பெரிய விஷயம் என்று மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

கதை சின்னது. நகரத்துச் சாக்கடையில் இறங்கி, சிறை, குகை, குள்ளர்களின் நகரம், பேய்களின் கூடம் என்று 25 தளங்களைத் தாண்டி, 26-ல் இருக்கும் தாயத்தை எடுக்க வேண்டும். வழியில் செத்தால் முதல் தளத்திலிருந்து மறுபடி ஆரம்பம். தளங்களின் அமைப்பும் ஒவ்வொரு முறையும் மாறிவிடும்.

நைட் ஷிஃப்டுக்கு இதைப்போல ஒத்துப்போகும் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. சாயந்திரம் வந்த பச்சை இலை தொட்டியில் வாட மணிக்கணக்கில் ஆகும். ஃபேன் சரியாக ஓடுகிறதா, இலை ஒரே சீராக வாடுகிறதா என்று அவ்வப்போது போய்ப் பார்க்க வேண்டும். கூப்பிட்ட நேரத்துக்கு எழுந்து ஓட வேண்டும். இந்த ஆட்டத்தில் நீங்கள் ஓர் அடி வைத்தால்தான் எதிரே நிற்கும் எலியும் ஓர் அடி வைக்கும். போனை வைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்து வந்தாலும் அது அங்கேயே நிற்கும்.

அப்புறம் அந்த மருந்துக் குப்பிகள். இதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன். மொத்தம் 12 வகை மருந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். ஆனால் எந்த நிறம் எந்த மருந்து என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். போன ஆட்டத்தில் உயிர் கொடுத்த சிவப்பு, இந்த ஆட்டத்தில் உங்களையே எரிக்கலாம். வெறும் குருட்டு அதிர்ஷ்டம் போலத் தெரியும். கொஞ்ச நாள் ஆடினால்தான் உள்ளே ஒரு நேர்மை இருப்பது புரியும். ஒரு தளத்தில் மரத்தடுப்பு வைத்து அடைத்த அறை இருந்தால், அதை எரிக்கும் நெருப்புக் குப்பி அதே தளத்தில் எங்கேயோ கிடக்கிறது என்று அர்த்தம். பிரானா மீன்கள் சுற்றும் குளத்து அறை இருந்தால் மறையும் மருந்து அங்கேயே இருக்கும். தரை முழுக்கப் பொறி வைத்த அறை என்றால் மிதக்கும் மருந்து. அப்படியானால் இந்தத் தளத்தில் புதிதாகக் கிடைத்த பச்சை எது, நீலம் எது என்று குடிக்காமலேயே யூகிக்கலாம். அந்த யூகம் சரியாக அமையும்போது வருகிற சந்தோஷத்துக்காகவே நான் இத்தனை வருடம் இதை அழிக்காமல் வைத்திருக்கிறேன். சாக்கடை, சிறை என்று ஒவ்வொரு பகுதிக்கும் பலம் கூட்டும் மருந்து 2, ஆயுதத்தையோ கவசத்தையோ ஏற்றும் மேம்பாட்டுச் சுருள் 3 என்று கணக்காக வைத்திருப்பதும் அதே நேர்மைதான். கதவுப் பக்கத்தில் ஒதுங்கி நின்று, நம்மைப் பார்க்காமல் உள்ளே வரும் எதிரியை அடித்தால் அந்த அடி தப்பாது. கத்தி சுமாராக இருந்தாலும் கதவை நம்பிப் பிழைக்கலாம்.

இவ்வளவு யோசித்துச் செய்த ஆட்டத்தில் பசியை மட்டும் ஏன் இப்படி வைத்தார்கள் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

நாம் வைக்கும் ஓர் அடி ஒரு டர்ன். சாப்பிட்டு 300 டர்ன் போனால் பசி என்று காட்டும். 450 ஆனால் பட்டினி. பட்டினி நேரடியாகக் கொல்வது ரொம்ப மெதுவாகத்தான். ஆனால் காயம் தானாக ஆறுவது அந்த நொடியே நின்றுவிடும். வேலையே அங்கேதான் கெடுகிறது.

பசி எதற்கு என்று எனக்குத் தெரியும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் மூலையில் உட்கார்ந்து முழு உயிரும் ஏறிய பின்தான் எல்லோரும் நகர்வார்கள், ஆபத்தே இருக்காது. 1980-ல் வந்த ரோக் என்ற ஆட்டத்தின் காலத்திலிருந்து இந்த வகை ஆட்டங்களில் பசி உண்டு. சரி, ஒப்புக்கொள்கிறேன். சாக்கடையில் அது நியாயமாகவும் இருக்கிறது. தொடக்கத்தில் மொத்த உயிரே 20. பத்து டர்னுக்கு ஒரு புள்ளி ஆறும். பாதி உயிர் போனால் 100 டர்ன் உட்கார்ந்தால் போதும், 300 டர்ன் தாங்கும் ஒரு ரேஷன் பொட்டலத்தில் (ஆட்டத்தில் கிடைக்கும் சாப்பாடு) மூன்றில் ஒரு பங்குதான் செலவு.

குகைக்கு வாருங்கள். நம் வீரர் 12-ஆம் லெவலுக்கு (தளம் இல்லை, சண்டை போட்டு அவர் ஏறும் படி) வந்தால் உயிர் 75. ஆறும் வேகம் அதே பத்து டர்னுக்கு ஒன்று. பொட்டலம் தரும் தெம்பும் அதே 300 டர்ன். பாதி உயிரை மீட்க 370 டர்னுக்கு மேல் வேண்டும். ஒரு முழுப் பொட்டலமும் போதாது! ஓய்வு என்ற வழியையே ஆட்டம் சத்தமில்லாமல் மூடிவிடுகிறது. அதை எங்கேயும் சொல்வதும் இல்லை.

போன மழையில் 14-ஆம் தளத்தில் நான் செத்தது இப்படித்தான். அதுவரை வந்ததிலேயே நல்ல ஆட்டம் அது. கவசம் நன்றாக ஏற்றியிருந்தேன், குப்பிகளில் பெரும்பாலானவை இன்னது என்று தெரிந்துவிட்டது. மேலே இரண்டு தளங்களில் சாப்பிட ஒன்றும் அகப்படவில்லை, கைவசம் இருந்த பச்சை இறைச்சியும் தீர்ந்தது. பட்டினியோடு இறங்கினால் வௌவால்கள். கண்டபடி பறந்து, கடித்து, நம் உயிரைத் தன் உயிராக ஏற்றிக்கொள்பவை. அதற்கு ஆறுகிறது, எனக்கு ஆறவில்லை. பல நாள் ஷிஃப்டுகளில் கட்டி எழுப்பிய ஆள் ஒரு வௌவாலிடம் போய்ச் சேர்ந்தான்.

நியாயமாகச் சொன்னால், உணவு ஓரளவு சீராகத்தான் கிடைக்கும். இறைச்சியை நெருப்பில் வாட்டித் தின்றால் வயிற்றுக்குக் கேடு இல்லை, பிரானாவைக் கொன்றால் இறைச்சி நிச்சயம் என்று வழிகளும் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஜெயித்தவர்களுக்குத் திறக்கும் கூடுதல் சவால்களில் ஒன்று, உணவின் பலனை இன்னும் குறைப்பது. அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

மற்றவை சின்னக் குறைகள். ஈரக் கையில் விரல் தவறினால் அடி தவறும், திரும்ப எடுக்க முடியாது. கதைக்காக ஆடுபவர்களுக்கு இதில் ஒன்றுமே இல்லை. ஆறு வகை வீரர்கள் இருந்தாலும் சாக்கடையின் முதல் நான்கு தளங்கள் யாரோடு போனாலும் ஒரே மாதிரி இருக்கும். அதைத்தான் அதிகமாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

தம்பி, இத்தனை புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று நினைக்காதே. இப்போது போட வேண்டாம். புது வேலை, புது ஊர், தூக்கம் கெட்ட உடம்பு. அந்த நேரத்தில் 14 தளம் இறங்கிவந்ததை ஒரு நிமிஷத்தில் பறிகொடுப்பது நல்லதில்லை. வேலை பழகி ஷிஃப்ட் உடம்புக்குச் சேர்ந்த பிறகு கேள், நானே அனுப்பி வைக்கிறேன். அதற்குள் பசிக் கணக்கை மாற்றி ஒரு அப்டேட் வந்தால், கேட்காமலேயே அனுப்புவேன்.