பழைய ரவுட்டரை மாடியில் ஆக்சஸ் பாயின்டாக வைத்த அனுபவம்

ஃபைபர் இணைப்பு வந்ததும் அதனுடன் புது மோடமும் வந்துவிடுவதால், அதுவரை உழைத்த பழைய ரவுட்டர் பல வீடுகளில் பரணுக்குப் போய்விடுகிறது. எங்கள் வீட்டில் அது பரணுக்குப் போகாமல், சில ஆண்டுகளாக மாடி அறைக்கு வைஃபை தந்துகொண்டிருக்கிறது. இரண்டு ஆன்டெனாக்கள் உள்ள, 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கும், அட்டைப்பெட்டியில் 300 எம்பிபிஎஸ் என்று பெரிதாக அச்சிட்ட சாதாரண ரகம் அது. மோடத்திலிருந்து கேபிள் இழுத்து, அதன் வழியே வரும் இணையத்தை வைஃபையாகத் தரும் ஆக்சஸ் பாயின்டாக வைப்பதாக இருந்தால் இதை யாருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். கேபிள் இல்லாமல், மோடத்தின் வைஃபையை வாங்கித் திரும்ப ஒலிபரப்பும் ரிப்பீட்டராக வைக்க நினைப்பவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் கம்பி கட்டிய கான்கிரீட் தளமும் உள்ள வீட்டில் மோடம் கீழே முன்னறையில் இருந்தால், மாடியின் பின்னறைக்குச் சிக்னல் போய்ச் சேருவது கடினம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை மாடிப்படித் திருப்பத்திலேயே நின்றுவிடும். 2.4 ஓரளவு ஏறி வரும். ஆனால் எங்கள் வீட்டில் அது வரும் வழியில் ஓர் இரும்பு பீரோவும் நின்றது. பீரோவை எதிர்ச்சுவருக்கு நகர்த்தியபோதே மாடியில் சிக்னல் கண்கூடாக உயர்ந்தது. எனவே எதையும் வாங்குவதற்கு முன், மோடத்துக்கும் தேவைப்படும் அறைக்கும் நடுவே இரும்பு பீரோ, குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றில் ஏதேனும் நிற்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

பழைய ரவுட்டரை முதலில் ரிப்பீட்டராகத்தான் ஓடவிட்டோம். இந்த ரகத்தில் இருப்பது ஒரே ரேடியோ. கீழிருந்து வாங்குவதும் மாடிக்குக் கொடுப்பதும் ஒரே சேனலில் மாறி மாறி நடக்க வேண்டியிருப்பதால் வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், அதை எங்கே வைப்பது என்பது. சிக்னல் நன்றாக உள்ள இடத்தில் வைத்தால் மாடி அறைக்கு எட்டாது, மாடி அறையில் வைத்தால் அங்கு வந்து சேரும் நலிந்த சிக்னலையே அது திரும்ப ஒலிபரப்பும். கைப்பேசியில் எல்லாக் கோடுகளும் நிரம்பித் தெரியும்போதே காணொளி வகுப்பு உறைந்து நின்றது இதனால்தான்.

கேபிள் போட்ட பிறகு நிலைமை முற்றிலும் மாறியது. சுவருக்குள் ஓடும் மின்கம்பிக் குழாயிலேயே இதையும் செருகிவிடலாம் என்று எலக்ட்ரீஷியன் சொன்னதற்கு நாங்கள் உடன்படவில்லை. 230 வோல்ட் கம்பியோடு லேன் (வீட்டு வலையமைப்பு) கேபிளை ஒரே குழாயில் விடுவது ஆபத்தானது. மாடிப்படிக் கைப்பிடிச் சுவரை ஒட்டித் தனிக் குழாய் அடித்து, கேட்5இ ரக லேன் கேபிளை அதன் வழியே கொண்டுபோனோம். நூறு மீட்டர் வரை இந்தக் கேபிள் தாங்கும் என்பதால், தனி வீட்டில் தூரம் ஒரு பிரச்சினையே அன்று. கேபிளின் தரத்தில்தான் கவனம் வேண்டும். மலிவு விலையில் கிடைப்பவற்றில் பல, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. கத்தியால் இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை நிறம் தெரியும், இரண்டு மூன்று முறை மடக்கினால் முறிந்துவிடும். முழுச் செம்பு என்று கேட்டு வாங்குவதே நல்லது. நுனியில் கனெக்டர் அடிக்கும்போது ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு என்ற வரிசை இரு முனைகளிலும் மாறாமல் இருக்க வேண்டும்.

அமைப்பு மாற்றங்கள் சில நிமிட வேலைதான், ஆனால் வரிசை முக்கியம். பழைய ரவுட்டரை ரீசெட் செய்து, மடிக்கணினியை அதனோடு மட்டும் இணைத்துக்கொண்டு, அதன் லேன் முகவரியை முதன்மை மோடத்தின் வரிசைக்குள் கொண்டுவர வேண்டும். மோடம் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 என்று கொடுத்து, மோடம் அந்த எண்ணை வேறு கருவிக்கு வழங்கிவிடாதபடி அது தானாக வழங்கும் முகவரிகளின் எல்லையை அந்த எண்ணுக்கு மேலிருந்து தொடங்கச் செய்யலாம். அடுத்து, பழைய ரவுட்டரின் டிஎச்சிபி வசதியை அணைத்துவிட வேண்டும்; முகவரி வழங்கும் வேலை வீட்டில் ஒருவரிடம் மட்டுமே இருக்கலாம். இறுதியாக, மோடத்திலிருந்து வரும் கேபிளைத் தனி நிறத்தில் இருக்கும் வேன் போர்ட்டில் (வெளி இணைய இணைப்புக்கானது) செருகாமல், லேன் போர்ட்களில் ஒன்றில் செருக வேண்டும். மேற்சொன்ன மாற்றங்களைச் செய்யாமல் வேன் போர்ட்டில் செருகினாலும் பெரும்பாலும் இணையம் வரும் என்பதால் பலரும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆனால் மாடி தனி வலையமைப்பாகப் பிரிந்துவிடும், மாடியில் இருக்கும் கைப்பேசிக்குக் கீழ்த்தளத்துப் பிரிண்டரும் டிவியும் தென்படா. சற்றே புதிய ரவுட்டர்களில் ஆக்சஸ் பாயின்ட் என்றே ஒரு தேர்வு இருக்கும். அதைத் தட்டினால் இவை அனைத்தையும் அதுவே செய்துகொள்ளும்.

வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றே; சேனல் மட்டும் கீழே 1, மாடியில் 11. மாடிக்கும் கீழுக்கும் போகும்போது கைப்பேசி ஒன்றை விட்டு மற்றதற்கு மாறும் இந்தக் கைமாற்றம் குறையற்றது என்று சொல்ல முடியாது. எந்த ரவுட்டரில் ஒட்டுவது என்று முடிவு செய்வது கைப்பேசிதான். ஐபோன்கள் சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் (சிக்னல் வலிமையின் அலகு) கீழே இறங்கிய பிறகே வேறு ரவுட்டரைத் தேடும் என்று ஆப்பிளே குறிப்பிட்டிருக்கிறது. படியேறிக்கொண்டே வாட்ஸாப்பில் பேசினால் ஓரிரு நொடி பேச்சு அறுபடுவது இன்றும் உண்டு. மோடத்தில் 2.4 அலையின் ஒலிபரப்புத் திறனை நடுத்தரத்துக்குக் குறைத்தது இதற்கு நல்ல பலன் தந்தது: மாடிக்கு வந்ததும் கைப்பேசி பழைய பிடியைச் சீக்கிரம் விடுகிறது.

வேகத்தைப் பொறுத்தவரை, பெட்டியில் அச்சிட்ட 300 என்ற எண்ணுக்கு மதிப்பே இல்லை. ரவுட்டரின் போர்ட்கள் 100 எம்பிபிஎஸ் வகை என்பதால் அதற்கு மேல் போக வழியில்லை. அக்கம்பக்கத்து வைஃபைகள் சூழ்ந்த தெருவில் காலையில் அறுபதை ஒட்டியும், எல்லோரும் வீட்டில் இருக்கும் இரவு வேளையில் முப்பதை ஒட்டியும் கிடைக்கிறது. ஒரு காணொளி வகுப்பும் ஒரு டிவியும் ஒரே நேரத்தில் ஓட அது போதும்.

இத்தனை காலத்தில் பழுதானது அடாப்டர் மட்டுமே. கோடையில் மாடி அறையின் வெக்கையில் அது மெல்ல நலிந்து, ரவுட்டர் தானாக அணைந்து எழத் தொடங்கியது. ரவுட்டரே போய்விட்டது என்று தூக்கி எறிவதற்கு முன் அடாப்டரை மாற்றிப் பார்ப்பது நல்லது. புதியது அதே 9 வோல்ட்டாகவும், ஆம்பியர் பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். மோடத்துக்கு வாங்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ்ஸை அப்படியே இதில் செருகக் கூடாது. சுமார் நான்கு வாட் இழுக்கும் இந்தக் கருவி ஆண்டுக்கு முப்பத்தைந்து யூனிட் அளவில்தான் மின்சாரம் எடுக்கிறது.

பாதுகாப்பைப் பற்றி மட்டும் எனக்கு முழு நிம்மதி இல்லை. இந்த ரவுட்டருக்கான மென்பொருள் புதுப்பிப்பு எப்போதோ நின்றுவிட்டது. 4 எம்பி ஃபிளாஷும் 32 எம்பி நினைவகமும் உள்ள இத்தகைய கருவிகளுக்கு ரவுட்டர்களில் ஏற்றக்கூடிய இலவச மாற்று மென்பொருளான ஓப்பன்டபிள்யூஆர்டியின் ஆதரவும் 19.07 வரிசையோடு முடிந்தது. மோடத்துக்குப் பின்னால் இருப்பதால் இணையத்திலிருந்து யாரும் நேரடியாக இதைத் தொட முடியாது என்ற அளவில் ஏற்றுக்கொண்டு, கடவுச்சொல் இல்லாமல் பொத்தானாலோ பின் எண்ணாலோ இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்து, நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, வைஃபை பூட்டு முறைகளில் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் மட்டும் வைத்திருக்கிறோம். டிகேஐபி என்ற பழைய பூட்டு முறை மட்டுமே தெரிந்த ரவுட்டர் என்றால் அதை மின்கழிவுக்குக் கொடுத்துவிடலாம்; பாதுகாப்பும் போதாது, வேகமும் 54 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது.

மாடியில் கூடுதல் வேகம் தேவைப்படும் நாளில் இரட்டை அலைவரிசையும் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ்) கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட்டும் உள்ள ஓர் ஆக்சஸ் பாயின்டை வாங்கி, இதே கேபிளில் செருகிவிடுவோம். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கு இழைகள் போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும் என்பதால், இப்போது பயன்படாத நீல, பழுப்பு இணைகளும் அன்று சரியாக இருக்கின்றனவா என்று டெஸ்டரில் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.