உப்புக்காற்றில் ஒரு ட்ராக் வண்டி: ஆர்15-உடன் மூன்று வருடம்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒரு யமஹா ஆர்15 பைக் நிற்கிறது. ஹெட்லைட் இல்லை, கண்ணாடி இல்லை, சைடு ஸ்டாண்டுகூட இல்லை. இரண்டாம் வெர்ஷன், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மூன்று வருடமாக இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் மட்டும்தான் ஓடுகிறது. போகவர குட்டியானை லோடு வண்டிதான். எதற்குக் கொடுத்த காசு வேலை செய்தது, எது தண்டம் என்று தெருப் பசங்க கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ராத்திரியில் முறுக்குகிறவர்களுக்கு இது உதவாது. ட்ராக்கில் இறங்க நினைப்பவர்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

ஆசை அப்பாவிடமிருந்து வந்தது. அவர் காலத்தில் ரேஸ் பார்க்க நம்ம பக்கமே போதும். ரெட்ஹில்ஸ் தாண்டினால் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ரேஸ் நடத்தியது. சைக்கிளில் டபுள்ஸ் போய், வெயிலில் நின்று பார்த்துவிட்டு வந்த கதையை இன்றைக்கும் சொல்வார். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி ட்ராக் வந்துவிட்டது. இப்போது நாங்கள் விடியற்காலை நாலு மணிக்கு வண்டியை ஏற்றிக் கயிறு கட்டி, ஊரையே குறுக்கே தாண்டிப் போக வேண்டியிருக்கிறது.

முதல் வேலை கழற்றுவது. இண்டிகேட்டர், ஹெட்லைட், ஸ்டாண்டு, பின்சீட்டு, அதன் கால் மிதி, ஹாரன், அப்புறம் சேலை கார்டு. எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக் காயலான் கடைத் தராசில் நிறுத்தேன்: 7 கிலோ 400 கிராம். ஒரு ரூபாய் செலவில்லாமல் குறைந்த எடை. அதே எடையைக் கடையில் விற்கிற இலேசான பாகங்களால் குறைக்கப் போனால் பாதி வண்டி விலை ஆகும்.

கழற்றியது ஒரு மணி நேரம், லாக் வயர் போட்டது இரண்டு நாள். ஆயில் வடிக்கிற போல்ட், ஆயில் ஊற்றும் மூடி, ஃபில்டர் மூடியின் போல்ட், முன் பிரேக் காலிப்பர் போல்ட்டுகள் என்று கழன்றால் ஆயில் கொட்டுகிற, பிரேக் போகிற எல்லாவற்றிலும் ஓட்டை போட்டுக் கம்பியால் கட்ட வேண்டும். கொருக்குப்பேட்டையில் ஒரு லேத்துக்காரரிடம் போனேன். "இன்னா தம்பி, வண்டிய ரேசுக்கு வுடப் போறியா, இல்ல போல்ட்டுக்குக் காது குத்தப் போறியா?" என்றார். ஒன்றரை மில்லி ட்ரில் பிட். முதல் போல்ட்டின் தலையில் பாதி தூரம் போனதும் டிக்கென்று முறிந்து உள்ளேயே உட்கார்ந்துகொண்டது. பெரியவர் பேசவில்லை. அடுத்த போல்ட்டை வைஸில் சாய்த்துக் கட்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கொஞ்சம் இறக்கி, எடுத்து, மறுபடி இறக்கி, கோழி கொத்துவது மாதிரி போட்டார். ஒன்பது போல்ட்டுக்கு மூன்று பிட் காலி. கம்பியை எந்தப் பக்கம் இழுத்துக் கட்டுகிறோம் என்பதில்தான் விஷயம். போல்ட் கழலப் பார்த்தால் கம்பி அதை இறுக்குகிற திசையில் இழுக்க வேண்டும். நான் முதல் தடவை தலைகீழாகக் கட்டினேன், பார்க்க மட்டும் அழகாக இருந்தது.

அதைக் கண்டுபிடித்தது ட்ராக்கில் வண்டியைச் சோதிக்கிறவர். ஹேண்டிலை ஆட்டினார், ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டுப் பார்த்தார், அது சட்டென்று திரும்ப வேண்டும். அப்புறம் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பச்சைக் கூலன்ட்டைப் பார்த்ததும், "இதை வடிச்சிட்டு வா" என்று அனுப்பிவிட்டார். கூலன்ட்டில் இருக்கும் கிளைக்கால் என்கிற ரசாயனம் ட்ராக்கில் சிந்தினால் எண்ணெய் மாதிரி வழுக்கும், தண்ணீர் மாதிரி காய்ந்தும் போகாது. பின்னால் வருகிறவன் பல்லை உடைத்துக்கொள்வான். வெறும் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். முதல் செஷன் போனது போனதுதான்.

இனி தண்டச் செலவு. முதல் வருடம் எல்லோரையும் போல நானும் எஞ்சினுக்குத்தான் ஓடினேன். ஒரு கடையில் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரும் பெட்ரோல் அளவை மாற்றுகிற ஒரு டப்பாவும் மாட்டிவிட்டார்கள். சத்தம் வியாசர்பாடி வரை கேட்டது. ஆனால் 5,000-லிருந்து 7,000 ஆர்பிஎம் வரை வண்டி மூச்சுத் திணறியது. மெதுவான வளைவிலிருந்து வெளியே வரும்போது அந்த ஆர்பிஎம்மில்தான் எஞ்சின் ஓடும். திரும்பக் கொண்டுபோனால், "மேல இழுக்குது பாருங்க" என்று ஒரே பதில். 149 சிசி, கம்பெனி சொல்கிற 17 குதிரைச் சக்தி; அதில் ஒன்று கூடி என்ன, குறைந்து என்ன. எல்லாவற்றையும் கழற்றிப் பழைய சைலன்சரையே மாட்டி, வால்வ் இடைவெளி பார்த்து, ஏர் ஃபில்டர் மாற்றினேன். வண்டி மறுபடி வண்டியானது. அதோடு, எந்த ரேஸ் கிளாஸில் ஓடப் போகிறோமோ அதன் விதிகளைப் படிக்காமல் எஞ்சினில் கை வைத்தால், கம்பெனி விட்டபடியே இருக்கிற ஸ்டாக் வண்டிகளோடு நிற்கவேண்டியவன் பெரிய ஆட்களோடு போய் நிற்பான்.

உண்மையில் பலன் தந்தது ஸ்ப்ராக்கெட், அதாவது செயின் ஓடுகிற பல்சக்கரம். கம்பெனி கொடுப்பது முன்னால் 15 பல், பின்னால் 47. டாப் ஸ்பீடு ஆசையில் முதலில் பின்னால் 45 போட்டேன். ஆறாவது கியரில் வண்டி இழுக்கவே இல்லை, ஐந்தாவதிலேயே நேர்பாதை முடிந்துவிட்டது. பிறகு 49 போட்டேன். நாலு சதவீத வித்தியாசம்தான், ஆனால் ஒவ்வொரு வளைவின் வெளிவாசலிலும் தெரிந்தது. முன்னால் ஒரு பல் மாற்றினால் பின்னால் மூன்று பல் மாற்றியதற்குச் சமம், அதனால் சின்னத் திருத்தம் எப்போதும் பின்னாலேயே செய்யுங்கள். ட்ராக் ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. முதல் நாள் என் நேரம் 2 நிமிடம் 31 விநாடி. இப்போது 2:19. அந்தப் பன்னிரண்டு விநாடியில் எஞ்சினின் பங்கு ஒன்றுமில்லை.

மிச்சத்தைத் தந்தது பிரேக்கும் டயரும். இரண்டாவது வருடம் ஒரு மே மாத மதியம், ஆறாவது ரவுண்டில் முன் லீவர் ஊறிய பஞ்சு மாதிரி கைப்பிடி வரை வந்துவிட்டது. பிரேக் ஃப்ளூயிட் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சேர்ந்தால் சூட்டில் கொதிக்கும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கிற வண்டிக்கு அந்த ஈரத்துக்குப் பஞ்சமா? இப்போது ஒவ்வொரு ட்ராக் நாளுக்கு முன்னும் புது டாட் 4 பிரேக் ஃப்ளூயிட், முன்னால் ஸ்டீல் பின்னிய ஹோஸ். டயரில் காற்றை, ஓட்டி முடித்து உள்ளே வந்த கையோடு சூட்டிலேயே அளப்பேன். சென்னை வெயிலில் நாலு ரவுண்டில் நாலைந்து பிஎஸ்ஐ ஏறிவிடும். காலையில் வைத்த அளவை நம்பி மதியம் ஓட்டிய ஒரு நாள்தான் பின்சக்கரம் நழுவி விழுந்தேன். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, வண்டிக்கு கிளிப்-ஆன் ஹேண்டில் வளைந்து கியர் லீவர் முறிந்தது. பையில் மாற்று லீவர் இருந்ததால் மதியத்துக்கு மேல் மறுபடி ஓட்டினேன். லெதர் சூட் போட்டிருந்ததால் ஆஸ்பத்திரிச் செலவு இல்லை.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மட்டும் ஒன்று. ட்ராக் தேய்ப்பதைவிட நம்ம உப்புக்காற்று அதிகம் தின்கிறது. காசிமேட்டிலிருந்து மீன் வண்டிகள் ஐஸ் தண்ணீர் ஒழுகப் போகிற தெரு இது. திரும்பி வந்த அன்றே கழுவித் துடைத்து, செயினுக்கும் போல்ட் தலைகளுக்கும் எண்ணெய் போடாவிட்டால் ஒரு வாரத்தில் செம்மண் நிறம் வந்துவிடும். ரேடியேட்டரில் ஊற்றிய வெறும் தண்ணீரையும் வடித்துக் கூலன்ட் ஊற்றித்தான் நிறுத்த வேண்டும். நான் சோம்பலில் ஒரு மழைக்காலம் முழுக்க அப்படியே விட்டேன். தை மாதம் திறந்தபோது டீ நிறத்தில் வந்தது, கூடவே வாட்டர் பம்ப் சீலும் போயிருந்தது.

இப்போதைய நிலவரம்: எஞ்சின் இன்னும் திறக்கப்படவில்லை. ஒரு ட்ராக் நாளுக்கு ஒரு லிட்டர் புது ஆயில், அவ்வளவுதான். கிளட்ச் தட்டு ஒரு தடவை மாறியது. ஆனால் முன்சக்கரத்தைத் தாங்குகிற வலது பக்க ஃபோர்க் குழாயில் கடுகளவு துருப்புள்ளிகள் மூன்று விழுந்திருக்கின்றன. ஆயில் சீல் அதில் உரசி உரசிக் கிழிந்து, காலையில் பார்த்தால் குழாயில் ஒரு எண்ணெய் வளையம். நைசான எமரி பேப்பரால் தேய்த்துப் புது சீல் போட்டுப் பார்க்கலாம் என்கிறார் மெக்கானிக் அண்ணன். பழைய பாகங்கள் விற்கிற புதுப்பேட்டையில் நல்ல குழாய் ஒரு ஜோடி கிடைக்குமா என்று ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கப் போகிறேன்.