பீசோ பட்டையா, காந்தமும் சுருளுமா?

ஓடும் மோட்டாரின் அதிர்விலிருந்தே மின்சாரம் எடுத்து, அதன் மேல் உட்கார்ந்திருக்கும் கம்பியில்லா சென்சாரை ஓட்ட வேண்டும். என் ஆய்வு வேலை இதுதான். இரண்டு வழிகளையும் கையால் கட்டிப் பார்த்தேன். ஒன்று, வளைந்தால் மின்னழுத்தம் தரும் பீசோ பீங்கான் பட்டை. மற்றொன்று, ஸ்பிரிங் தகட்டின் நுனியில் ஆடும் காந்தமும் பக்கத்தில் ஒரு செப்புச் சுருளும். இப்போது பம்ப் மோட்டாரின் மேல் இருப்பது காந்தமும் சுருளும்தான்.

பேட்டரி போதாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கை எட்டும் இடத்தில் ஒரே ஒரு மோட்டார் என்றால் தாராளமாகப் போதும். 19 ஆம்பியர்-மணி லித்தியம் செல் ஒன்று, சராசரி 1 மில்லிஆம்பியர் செலவில் இரண்டு வருடம் தாங்கும். எண்ணிக்கை கூடும்போதும், ஏணி போட்டு ஏற வேண்டிய இடத்திலும்தான் அதிர்வு மின்சாரம் தேவைப்படுகிறது.

பீசோவின் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டையை விரலால் சுண்டினாலே ஆஸிலோஸ்கோப்பில் பத்து வோல்ட்டுக்கு மேல் எகிறும். எல்டிசி3588 மாதிரி ஒரு சிப்பை இணைத்தால் நேராக 3.3 வோல்ட் வந்துவிடும். சுருளில் எனக்குக் கிடைத்தது சில நூறு மில்லிவோல்ட். சாதாரண சிலிக்கான் டயோடே 0.6 வோல்ட்டை விழுங்கிவிடும் என்பதால், மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்றுக்கே ஒரு மாதம் போனது.

இருந்தும் சுருளைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அதிர்வெண்ணை மறுபடி மறுபடி சரிசெய்துகொள்ள முடிவது.

இந்தக் கருவிகள் ஒத்ததிர்வில்தான், அதாவது மோட்டாரின் அதிர்வெண்ணும் கருவியின் சொந்த அதிர்வெண்ணும் ஒன்றாகும்போதுதான் வேலை செய்யும். 25 ஹெர்ட்ஸுக்கு அமைத்த கருவி 24 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்டத் தூங்கிவிடும். நான்கு துருவ மோட்டார் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 1500 சுற்றை ஒட்டி ஓடும், அதாவது நொடிக்கு 25 சுற்று, 25 ஹெர்ட்ஸ். முழுச் சுமையில் 1440-க்கு இறங்கினால் 24 ஹெர்ட்ஸ். முதல் தடவை நான் 25-க்கு அமைத்தேன். பம்பு தண்ணீரை ஏற்றத் தொடங்கியதும் மீட்டர் அப்படியே படுத்துவிட்டது. அப்புறம் 100 ஹெர்ட்ஸுக்கு மாறினேன். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒவ்வொரு சுழற்சியிலும் ஸ்டேட்டரின் (மோட்டாரில் சுழலாமல் நிற்கும் பகுதி) காந்த இழுப்பு இரண்டு முறை உச்சம் தொடும். சுமை கூடினாலும் குறைந்தாலும் அந்த 100 நகராது. நம் மின்கட்டமைப்பு விதியும் 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸுக்குள் இருக்கச் சொல்கிறது.

இதுவரை இரண்டுக்கும் ஒரே கதைதான். வித்தியாசம் அதற்குப் பிறகு வருகிறது. பீசோ பட்டை இறுக்கிப் பிடித்த அடிப்பகுதியில் விரிசல் விடும். எனக்கு மூன்று பட்டைகள் போயின. பூதக்கண்ணாடி வைத்தால்தான் தெரியும், முடியிழை மாதிரி ஒரு கோடு. அந்தக் கோடு விழுந்ததும் பட்டை தளர்ந்து அதிர்வெண் இறங்குகிறது. புதுப் பட்டை ஒட்டினால் பசையின் கனம் மாறி, அதுவும் பழைய இடத்தில் நிற்பதில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைக்க வேண்டும்.

சுருளில் இந்தப் பாடு இல்லை. என் காந்தமும் அதன் தாங்கியும் சேர்ந்து 50 கிராம். ஒரு கிராம் வாஷர் போட்டால் 100 ஹெர்ட்ஸ் 99 ஆகிறது, கழற்றினால் திரும்புகிறது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த யாரும் அங்கேயே நின்று செய்துவிடலாம். ரயில் சக்கர பேரிங்குகளைக் கண்காணிக்க, சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்திலிருந்து 2004-இல் பிறந்த பெர்பெச்சுவம் நிறுவனம் எடுத்துக்கொண்டதும் காந்தம்-சுருள் வழியைத்தான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அதிர்வின் முடுக்கம் பாதியானால் கிடைக்கும் திறன் கால் பங்காகிவிடும். அதனால் அதிர்வு குறைவாக இருக்கும், நன்றாகப் பராமரித்த மோட்டாரில் இரண்டு வழியுமே திணறும். என் கருவி ஓடத் தொடங்கி எட்டு மாதம்தான் ஆகிறது, ஸ்பிரிங் தகட்டின் ஆயுளைப் பற்றி இப்போதே உறுதி கூற மாட்டேன். வேகம் மாற்றும் டிரைவில் ஓடும் மோட்டாரில் நான் வைத்துப் பார்த்ததில்லை. ஒரு நாணயத்தின் தடிமனுக்குள் முடிக்க வேண்டும் என்றால் சுருளுக்கு இடமே இருக்காது, பீசோவுக்கே போங்கள்.

மற்றபடி சுருள்தான். மோட்டாரில் பொருத்தப் போகும்போது ஒரு கிராம், அரை கிராம் வாஷர்கள் நாலைந்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.