ராபின் வில்லியம்ஸ், ஜிம் கேரி: மேடையிலிருந்து திரைக்கு இரு வழிகள்

ஹாலிவுட் நடிகர்களான இருவரும் மேடையில் தனியாக நின்று சிரிக்கவைத்தவர்கள். ஒற்றுமை ஏறக்குறைய அதோடு சரி.

1951இல் சிகாகோவில் பிறந்த வில்லியம்ஸ், நியூயார்க்கின் ஜூலியார்ட் கலைப்பள்ளியில் முறையாக நடிப்புப் பயின்றவர். கனடாக்காரரான கேரிக்கு அந்த வசதி ஏது? அப்பாவின் வேலை போனது, குடும்பம் நொடித்தது, பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. பதின்ம வயதிலேயே டொராண்டோ நகைச்சுவை மேடையில் ஏறினார்.

வில்லியம்ஸின் பலம் வாய். ஒரே மூச்சில் பல குரல்கள், எழுதாத வசனங்கள். 1978இல் தொலைக்காட்சித் தொடரில் வேற்றுக்கிரகவாசியாக வந்து புகழ்பெற்றார். கேரிக்கு உடல்தான் எல்லாம். முகத்தை ரப்பர்போல் வளைப்பார். 1994இல் மட்டும் அவருக்கு மூன்று வெற்றிப் படங்கள். 1996இல் ஒரே படத்துக்கு 2 கோடி டாலர் சம்பளம்!

வில்லியம்ஸுக்கு 1998இல் 'குட் வில் ஹன்டிங்' படத்துக்காகத் துணை நடிகர் ஆஸ்கர் கிடைத்தது. கேரி இரண்டு கோல்டன் குளோப் விருதுகள் வாங்கியும் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில்கூட இடம்பெறவில்லை. 'தி ட்ரூமன் ஷோ' நடிப்பைப் பார்த்தவர்களுக்கு இது அநியாயமாகவே படும், எனக்கும் அப்படித்தான்.

ஒரு விஷயத்தில் வில்லியம்ஸே என் தேர்வு. உச்ச நட்சத்திரமான பிறகும், 2002இல் தனிநபர் மேடை நிகழ்ச்சிக்குத் திரும்பிவந்தார். கேரியோ பின்னாளில் ஓவியத் தூரிகையைப் பிடித்தார்.